லாஸ் பினியாஸ் தேவாலயத்தின் மூங்கில் ஆர்கன்

கேள்வி: பிலிப்பைன்ஸின் லாஸ் பினியாஸ் நகரிலுள்ள புனித சூசையப்பர் ஆலயத்து ஆர்கனின் (குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய இசைக்கருவி) குழல்கள் மூங்கிலால் ஆனவை என்று படித்தேன். உலோகத்தை விட்டு மூங்கிலை நாடியது ஏன்? அது பூச்சி அரிக்காமல் இருநூறு ஆண்டுகள் எப்படி நிலைத்தது?

பதில் 1: அதைக் கட்டியவர் ஸ்பெயினைச் சேர்ந்த பாதிரியார் தியேகோ செரா. கையருகே மலிவாகக் கிடைத்தது மூங்கில் என்பதே முதற்காரணமாக இருக்கலாம். 1816இல் வெட்டிய மூங்கில்களை ஏறத்தாழ ஆறு மாதம் மணலில் புதைத்து வைத்து, பூச்சிக்குத் தப்பியவற்றை மட்டுமே அவர் பயன்படுத்தினார்.

பதில் 2: ஒரு சிறு திருத்தம்: எல்லாக் குழல்களும் மூங்கில் அல்ல. மொத்தம் 1031 குழல்களில் 902 மூங்கில், 129 உலோகம். எக்காளம் போல் முழங்க வேண்டிய குழல்களுக்கு மூங்கில் ஒத்துவராததால் அவற்றை உலோகத்தில் செய்தார். அதனாலேயே வேலை 1824 வரை நீண்டது.

பதில் 3: தானாக நிலைத்தது என்றும் சொல்லிவிட முடியாது. நிலநடுக்கமும் புயலும் அதைச் சிதைத்து, நெடுங்காலம் பழுதாகவே கிடந்தது. 1973இல் ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் என்ற ஆர்கன் பட்டறைக்கு அனுப்பப்பட்டபோது, வறண்ட ஐரோப்பியக் காற்றில் மூங்கில் வெடித்துவிடாதபடி, பிலிப்பைன்ஸின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒத்த தனி அறை ஒன்றை அங்கே அமைத்தார்கள் (எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்). 1975இல் ஊர் திரும்பிய அந்த ஆர்கன் இன்றும் ஒலிக்கிறது.