பழைய மஸ்கெட்டின் பயனெட் ஏன் முக்கோணமாக, குழலை விட்டு ஒதுங்கி இருக்கிறது?

பாலாற்றங்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மஸ்கெட் (குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இடும் நீளத் துப்பாக்கி) ஒன்றைப் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் குத்துக்கருவி) பொருத்திய நிலையில் நெடுநேரம் நின்று பார்த்தேன். வெட்டுவாய் உள்ள கத்தி இருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, மூன்று பட்டைகளோடு நீண்ட ஆணியைப் போன்றிருந்த அந்த இரும்பு வியப்பளித்தது. அது குழலுக்கு நேராகவும் இல்லை. முழங்கைபோல வளைந்து பக்கத்தில் ஒதுங்கி நின்றது. முக்கோணக் காயம் ஆறாது என்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள் என்றும், பின்னர் ஜெனீவா உடன்படிக்கை அதைத் தடைசெய்தது என்றும் உடன் வந்த ஒருவர் சொன்னார். இது உண்மையா? பயனெட் மாட்டியிருக்கும்போது துப்பாக்கியில் மருந்து கெட்டிக்க முடிந்ததா?

கருமருந்து (மறுமொழி):

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அந்த வளைவுக்கான காரணம் அதில்தான் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் வந்த முதல் பயனெட்டுகளின் கைப்பிடி மரத்தாலானது. அதைக் குழலின் வாய்க்குள்ளேயே தக்கைபோலச் செருகுவார்கள். செருகிவிட்டால் துப்பாக்கி வெறும் ஈட்டிதான், சுட முடியாது. இதன் விலை 1689 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் தெரிந்தது. தளபதி ஹியூ மக்கே தலைமையிலான அரசுப் படையினர் ஒருமுறை சுட்டுவிட்டுப் பயனெட்டைச் செருக முயல்வதற்குள், டண்டீ பிரபுவின் மலைநாட்டு வீரர்கள் சரிவிலிருந்து வாளோடு பாய்ந்து அவர்களைச் சிதறடித்தார்கள். டண்டீ அந்தப் போரிலேயே இறந்தார் என்றாலும், களம் அவர் பக்கத்துக்கே போனது. சுடுவதற்கும் குத்துவதற்கும் இடையில் கழிந்த அந்தச் சில நொடிகளே தோல்விக்குக் காரணம் என்று மக்கே கருதி, குழலை அடைக்காத பயனெட்டை நாடினார்.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் கோட்டைப் பொறியாளர் வோபான் முன்னின்று பரப்பிய குழாய்ப் பயனெட்தான் நீங்கள் பார்த்தது. குழலின் வாய்க்கு வெளியே ஓர் இரும்புக் குழாயை மாட்டி, அதிலுள்ள வளைந்த வெட்டை, குழல்மீது இருக்கும் சிறு முளையில் திருப்பிப் பூட்டுவார்கள். அலகு முழங்கைபோல ஒதுங்கியிருப்பதால் குழலின் வாய் திறந்தே கிடக்கும். சலாகையால் மருந்தும் குண்டும் இடிக்கிற கையும் இரும்பில் படாது. ஆகவே பயனெட் மாட்டியபடியே கெட்டிக்கவும் சுடவும் முடிந்தது.

இதன் விளைவு பெரிது. அதுவரை துப்பாக்கிக்காரர்களைக் குதிரைப்படையிடமிருந்து காக்க நெடு ஈட்டிக்காரர்கள் தனியே நிற்க வேண்டியிருந்தது. இனி ஒவ்வொரு சிப்பாயும் இருவர் வேலையையும் தானே செய்தான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே மேற்கு ஐரோப்பியப் படைகளிலிருந்து நெடு ஈட்டி மறைந்தது. அந்நூற்றாண்டின் போர்முறையே இந்த ஓர் இரும்புக் குழாயில் தொங்கியது என்பது என் உறுதியான எண்ணம்.

நெடுங்குழல் (மறுமொழி):

முக்கோணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஜெனீவா உடன்படிக்கைகளில் முக்கோணப் பயனெட்டைத் தடைசெய்யும் விதி எதுவும் இல்லை. பட்டைகளுக்கிடையே குழிவாக்கப்பட்ட முக்கோண அலகு, குறைந்த இரும்பில் வளையாத உறுதியைத் தருகிறது; 43 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒன்றைத் துப்பாக்கியின் நுனியில் சுமக்கிறவனுக்கு எடை குறைவதும் முக்கியம். குத்துவதற்கு மட்டுமே பயன்படும் கருவிக்கு வெட்டுவாய் தேவையில்லை, அது கெட்டிக்கும் கைக்குத்தான் ஆபத்து.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 'இந்தியா பேட்டர்ன்' மஸ்கெட்டாக இருக்கலாம். பிரிட்டிஷ் படையின் பழைய நீள மஸ்கெட்டுக்குக் குழல் 46 அங்குலம். கம்பெனி தன் சிப்பாய்களுக்குச் செய்வித்ததற்கு 39 அங்குலமே. 1793இல் பிரான்சோடு போர் மூண்டு ஆயுதத் தட்டுப்பாடு வந்தபோது, பிரிட்டிஷ் அரசு கம்பெனியின் துப்பாக்கிகளை வாங்கியது. 1797 முதல் அந்த வடிவத்தையே தனக்கும் செய்யச் சொன்னது. பயனெட்டோடு சேர்த்து அது ஏறக்குறைய ஆறடி நீளம் வரும்.

பாலாற்றங்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் களத்தில் பெரும்பாலோர் பயனெட்டால்தான் மடிந்தார்களா?

கருமருந்து:

இல்லை. நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் லாரே காயங்களை ஆராய்ந்தபோது, குண்டுக் காயங்களோடு ஒப்பிடப் பயனெட் காயங்கள் மிகச் சிலவே என்று கண்டார். காரணத்தை மஸ்கெட்டிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். மருந்துக் கரி படிந்த குழலிலும் எளிதில் இறங்கவேண்டும் என்பதற்காகக் குண்டை வாயைவிடச் சிறிதாக வார்த்தார்கள். அது குழலில் தட்டித் தடுமாறி வெளியேறியதால் 100 கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைப்பது வீண். எனவே நெருங்கிச் சென்று, நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை கூட்டமாகச் சுட்டு, எதிரணி தளர்ந்த நேரத்தில் பயனெட்டோடு முன்னேறினார்கள். அலகு உடலைத் தொடும் முன்பே இரண்டில் ஓர் அணி பெரும்பாலும் திரும்பி ஓடிவிடும். குதிரைப்படைக்கு எதிரிலும் இப்படித்தான்: 1815இல் வாட்டர்லூவில் பிரிட்டிஷ் காலாட்படை சதுரமாக நின்று, முன்வரிசை மண்டியிட்டுப் பயனெட்டை நீட்டியபோது, பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் நேயின் குதிரைகள் அந்த முள்வேலியில் பாய மறுத்துச் சுற்றிச் சுற்றியே வந்தன.

நெடுங்குழல்:

ஒரு சிறு சேர்க்கை. 1746இல் ஸ்காட்லாந்தின் கல்லோடன் போருக்கு முன், பிரிட்டிஷ் அரசுப் படைத் தலைவர் கம்பர்லாந்து கோமகன், எதிரே வருபவனை விட்டு வலப்பக்கத்தவனைக் குத்தும்படி வீரர்களைப் பழக்கினார். மலைநாட்டானின் கேடயம் இடக்கையில் இருந்ததால், வாளை ஓங்கும்போது வலது அக்குள் காவலின்றித் திறந்திருக்கும். அந்தப் பயிற்சி களத்தில் எவ்வளவு பயன்பட்டது என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை. அடுத்த முறை அருங்காட்சியகம் சென்றால், குழலின் மேல் வாயருகே உள்ள சதுர முளையைப் பாருங்கள். பயனெட்டைப் பூட்டுவது அதுவே. குறிபார்க்கச் சிப்பாய்க்கு இருந்த முன்குறியும் அதுவே.