பழ ஒயின்: எந்த என்சைமுக்கு எந்த நேரம்?

மாதக்கணக்கில் வைத்தும் ஒயின் தெளியவில்லையா? முதலில் பெக்டினைச் சந்தேகப்படுங்கள். பழச்சதையில் இருக்கும் பசை போன்ற பொருள் அது. ஒரு பங்கு ஒயினில் நாலு பங்கு எரிசாராயம் விட்டுக் கலக்கிச் சற்று நேரம் வையுங்கள். நூல் நூலாகவோ வழவழவென்ற கட்டியாகவோ திரண்டால் பெக்டின்தான். அந்த மாதிரியைக் கீழே கொட்டிவிடுங்கள். எரிசாராயம் விஷம், நாக்கில் படக்கூடாது.

பழத்தைக் கொதிக்கவைப்பதே பெரும்பாலும் காரணம். சூட்டில் சதையிலிருந்து பெக்டின் ஏராளமாக இறங்கும், அதை உடைக்கும் பழத்தின் சொந்த என்சைம்களோ செத்துவிடும். பச்சையாக மசித்து, 4.5 லிட்டருக்கு கிருமிகளை அடக்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் 0.44 கிராம் போட்டு, 12 மணி நேரம் கழித்துப் பெக்டினை உடைக்கும் என்சைமான பெக்டினேஸ், அதற்கும் 12 மணி நேரம் கழித்து ஈஸ்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆல்கஹால் ஏறிய பிறகு பெக்டினேஸ் மந்தமாகத்தான் வேலை செய்யும். இரட்டிப்பு அளவு போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

*

வாழைப்பழ ஒயின் என்றால் இன்னொரு சோதனையும் வேண்டும். முழுக்கக் கனியாத பழத்தில் மாவுச்சத்து மிஞ்சியிருக்கும். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஒயின் ஊற்றி அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலமானால் பெக்டினேஸ் எவ்வளவு போட்டாலும் பயனில்லை, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்சைம்தான் தேவை.

*

அழுகிய முட்டை நாற்றம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஈஸ்ட் தனக்கு வேண்டிய மெத்தியோனின், சிஸ்டீன் அமினோ அமிலங்களைச் செய்ய சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றுகிறது. அந்தச் சல்ஃபைடைப் பிடித்துக் கோக்க நைட்ரஜன் உள்ள ஒரு மூலக்கூறு வேண்டும். நைட்ரஜன் பற்றாக்குறையானால் அந்த மூலக்கூறு உருவாகாது. சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே கசியும். நாற்றம் அதுதான்.

பழ ஒயினில் இது அடிக்கடி வருவதற்குக் காரணம் நாம் ஊற்றும் சர்க்கரைத் தண்ணீர். 5 லிட்டர் சாற்றை 10 லிட்டராக்கினால் இனிப்பு சரியாகிவிடும், நைட்ரஜன் பாதியாகிவிடும். லிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் நைட்ரஜன் தேவை. ஈஸ்டுக்கு உரமாகப் போடும் டைஅமோனியம் பாஸ்பேட் 1 கிராம் சுமார் 210 மில்லிகிராம் தரும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். நொதித்தல் நன்றாகப் பிடித்ததும் பாதி, சர்க்கரையில் மூன்றிலொரு பங்கு தீர்ந்ததும் மீதி, அதாவது சர்க்கரையைக் கணிக்க அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.090-இல் தொடங்கியிருந்தால் 1.060 அளவில். சர்க்கரை பாதிக்குக் கீழே போன பிறகு போடுவது வீண். ஏறிய ஆல்கஹாலில் ஈஸ்டால் அதை இழுத்துக்கொள்ள முடியாது, மிச்சம் கெடுக்கும் கிருமிகளுக்குத் தீனியாகும்.

*

புளிப்பைக் குறைக்க ஈஸ்டைத் தேர்ந்தெடுப்பது நல்ல வழி, ஆனால் எந்த அமிலம் என்று பார்த்துச் செய்யுங்கள். ஆப்பிள், பிளம் இரண்டிலும் மேலிக் அமிலம்தான் பிரதானம். 71பி ரக ஈஸ்ட் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். ஈசி-1118 ரக ஈஸ்ட் பெரிதாகக் குறைக்காது. எலுமிச்சை இனப் பழங்களில் சிட்ரிக் அமிலம் என்பதால் 71பி போட்டும் புளிப்பு அப்படியே நிற்கும்.

மேலிக் அமிலத்தை லாக்டிக் பாக்டீரியா விட்டுக் குறைப்பவர்கள் ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சோர்பேட் சேர்ப்பதாக இருந்தால் மிகக் கவனம். உயிருள்ள பாக்டீரியா சோர்பேட்டைத் தொட்டால் ஜெரேனியம் இலையைக் கசக்கிய வாடை வரும். அதை நீக்க வழியே இல்லை.

*

பிளம், செர்ரிக் கொட்டைகளை உடைத்துவிடாதீர்கள். பருப்பில் அமிக்டலின் இருக்கிறது. உடைந்ததும் பருப்பின் என்சைம்களே அதைச் சிதைத்து ஹைட்ரஜன் சயனைடை வெளியேற்றும். மிக்ஸியில் அடிப்பதற்கு முன் கொட்டையை எடுத்தே ஆக வேண்டும்.

வாசனைக்காகத் தனியாக விற்கும், குளுக்கோஸோடு ஒட்டியிருக்கும் வாசனைப் பொருள்களை வெட்டி விடுவிக்கும் பீட்டா-குளுக்கோசிடேஸ் என்சைமை நொதித்தல் முடிந்து சர்க்கரை தீர்ந்த பிறகு போடுங்கள். குளுக்கோஸ் இருக்கும்வரை அது முடங்கிக் கிடக்கும். வாசனை போதும் என்றதும் பென்டோனைட் களிமண் போட்டு நிறுத்திவிடலாம். சிவப்புப் பழ ஒயினில் மட்டும் யோசித்துப் போடுங்கள். நிறம் தரும் ஆந்தோசயனினில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸையும் இது வெட்டிவிடும், அதன்பின் நிறம் நிலைக்காமல் வெளிறும். மலிவான பெக்டினேஸ் பொடிகளிலும் இந்த என்சைம் கலந்திருப்பதுண்டு. அளவுக்கு மேல் போட்ட ஸ்ட்ராபெர்ரி ஒயின் வெளிறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.