மறு: 'லாக்' – பதிவா, பதிகையா?

> வழங்கியின் (சர்வர்) லாக் கோப்பைப் 'பதிவுக் கோப்பு' என்றே எழுதிவிடலாமே. 'லாக்' என்றால் மரக்கட்டை. கணினிக்கும் கட்டைக்கும் என்ன உறவு?

வணக்கம் ஐயா.

உறவு உண்டு; அதே கட்டைதான். பாய்க்கப்பல் காலத்தில், கால்வட்ட வடிவ மரத்துண்டு ஒன்றின் வளைந்த ஓரத்தில் ஈயம் சேர்த்து, கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். ஈயத்தின் கனத்தால் துண்டு நிமிர்ந்து, ஏறக்குறைய போட்ட இடத்திலேயே நிற்கும். கப்பல் விலக விலகக் கயிறு ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகை வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கைவழியே ஓடியதோ, மணிக்கு அத்தனை கடல் மைல் வேகம். (கப்பல்காரர்கள் இன்றும் சொல்லும் 'நாட்' இந்த முடிச்சுதான்.) அந்தக் கணக்கை எழுதிய ஏடு 'லாக் புக்'. காற்று, திசை, வழியில் நடந்தவை எல்லாம் அதில் ஏறின. பிறகு 'புக்' உதிர்ந்து, கட்டையின் பெயரே ஏட்டுக்கு நிலைத்தது. கணினியில் நடப்பவற்றை வரிசையாகக் குறித்துவைக்கும் கோப்புக்கும் அதே பெயர்தான்.

1960களில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தியபோது, தன் பெயரைக் கொடுத்து உள்ளே நுழையும் 'லாகின்' வந்தது. 1969 அக்டோபர் 29 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் முதன்முதலாக அனுப்ப முயன்ற சொல்லும் அதுவே. 'எல்', 'ஓ' இரண்டும் போய்ச் சேர்ந்ததும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது!

ஆகவே நாம் தமிழாக்க வேண்டியது ஏட்டை. 'உள்நுழை' என்பதில் நுழைவது இருக்கிறது, ஏடு இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் 'புகுபதிகை' இரண்டையும் பிடித்திருக்கிறது. 'பதிவு' எனக்குச் சம்மதமில்லை. பத்திரப்பதிவு, வாக்குப்பதிவு, ஒலிப்பதிவு என்று அதற்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை. வலைப்பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 'பிளாக்' என்ற ஆங்கிலச் சொல்லிலும் நம் கட்டைதான் மிதக்கிறது.

'பதிகை' தனியே நின்றால் தேவாரப் பதிகம் நினைவுக்கு வருகிறது என்பீர்கள். வரட்டுமே, பழகிவிடும்.

என் முன்மொழிவு: லாக் – பதிகை, லாக் கோப்பு – பதிகைக் கோப்பு, பிழைகளுக்கான லாக் – பிழைப்பதிகை. வினையாக வரும் இடத்தில்தான் தடுமாறுகிறேன். 'பதிகையிடு' நாக்கில் ஒட்டவில்லை. வெறும் 'பதி' என்றால் சேமிப்பதோடு குழம்பும். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.