குவளையில் பி.எச். 7.4 நிலைக்கவில்லை: பைகார்பனேட் தாங்கல் கரைசல் குறித்து உதவி தேவை

இரத்தம் தன் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவை 7.35க்கும் 7.45க்கும் இடையில் காத்துக்கொள்ளும் விதத்தைப் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குச் செய்முறையாகக் காட்ட முயல்கிறேன். ஆனால் நான் தயாரிக்கும் கரைசல் 7.4இல் நிலைப்பதில்லை.

இரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு ஏறத்தாழ 24 மில்லிமோல் இருப்பதால், ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 2 கிராம் சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்தேன். மதுரையில் உள்ள எங்கள் ஆய்வகத்தின் வெப்பநிலை சுமார் 30 டிகிரி. 4, 7 ஆகிய நியமக் கரைசல்களால் சரிபார்த்த பி.எச். மானி, தொடக்கத்தில் 8.3 காட்டுகிறது. உறிஞ்சுகுழல் வழியாக மூச்சை ஊதும்போது 7.4ஐ நெருங்குகிறது, நிறுத்தியதும் மெல்ல ஏறிவிடுகிறது. வினிகர் சேர்த்தாலும் அதேதான். புட்டியை இறுக மூடினால் அளவு நிலைக்கிறது, ஆனால் அமிலத்தைச் சேர்த்துத் தாங்குதிறனை (பி.எச். அதிகம் மாறாமல் தடுக்கும் திறனை) காட்ட வழியில்லாமல் போகிறது. மாணவர்கள் பார்க்க வேண்டியதே அதுதான்.

நுரையீரல் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தை 40 மில்லிமீட்டர் பாதரச அளவில் வைத்திருப்பதால்தான் உடலில் பைகார்பனேட்டுக்கும் கரைந்த கார்பன் டை ஆக்சைடுக்கும் இடையே 20க்கு 1 என்ற விகிதம் காக்கப்படுகிறது. திறந்த குவளையில் அந்த வாயு வெளியேறிவிடுகிறது என்பது புரிகிறது. வாயு உருளை வாங்கும் வசதி பள்ளியில் இல்லை.

ஒரு பாடவேளை முழுவதும், இடையிடையே அமிலம் சேர்க்கவும் இடம்கொடுத்து, இந்த வாயுவின் அளவைச் சீராக வைத்திருக்கும் எளிய அமைப்பை எப்படிச் செய்வது?