ஏற்காட்டில் ஓரியண்டீரிங் வரைபடம் போட உதவி தேவை

வணக்கம். சேலத்தில் சிலர் சேர்ந்து ஓரியண்டீரிங் பழகி வருகிறோம். கையில் வரைபடமும் காம்பஸும் மட்டும்தான். காட்டுக்குள் வைத்திருக்கும் ஆரஞ்சு-வெள்ளைக் கொடிகளை வரிசையாகத் தேடிப் பிடிக்க வேண்டும். கஞ்சமலையில் இரும்புத்தாது காம்பஸ் முள்ளை இழுத்துவிடும் என்பதால் ஏற்காடுதான் சரி என்று முடிவு செய்திருக்கிறோம்.

சிக்கலே வரைபடம்தான். 1:50,000 அளவு சர்வே தாளில் காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையோ, வேலியோ, தனிப்பாறையோ தெரியாது. எங்களுக்கு 1:10,000 அளவில், 5 மீட்டர் இடைவெளிச் சமஉயரக் கோடுகளோடு வேண்டும். கணினியில் வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், நாகலூர் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலையில் நடந்து அளக்க அனுமதி தந்தால் பெரிய உதவியாக இருக்கும். செடியில் கை வைக்க மாட்டோம், பழம் பறிக்கும் மாதங்களில் வரவும் மாட்டோம். தெரிந்தவர்களிடமும் கேட்டுச் சொல்லுங்கள்.