‘கம்பியில்லா’ என்றால் எந்தக் கம்பி?

அன்புடையீர், வணக்கம்.

பந்தய மிதிவண்டிகளின் வயர்லெஸ் கியர் மாற்றிக்குத் தமிழ்ச் சொல்லாகக் ‘கம்பியில்லா மின்னணுப் பல்லிணை மாற்றி’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். ‘மின்னணு’வில் எனக்கு மறுப்பில்லை. ‘கம்பியில்லா’தான் இடிக்கிறது.

மிதிவண்டி ஓட்டுகிறவருக்குக் கம்பி என்றால் பிரேக்கையும் கியரையும் இழுக்கும் முறுக்குக் கம்பிதான் முதலில் நினைவுக்கு வரும். 2009-இல் மிதிவண்டி உறுப்புகள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் டூரா-ஏஸ் டிஐ2 என்ற கியர் அமைப்பு வந்தபோதே கியரை இழுக்கும் கம்பி போய்விட்டது. ஆனால் பொத்தானிலிருந்து மோட்டார் வரை மின்கம்பி ஓடியது. அது கம்பியுள்ளதா, இல்லாததா? 2015-இல் ஸ்ராம் என்ற போட்டி நிறுவனம் அறிமுகப்படுத்திய ரெட் இ-டேப்பில் அந்த மின்கம்பியும் இல்லை. சங்கிலியை நகர்த்தும் முன், பின் உறுப்புகள் ஒவ்வொன்றின் முதுகிலும் கழற்றி மாட்டும் பேட்டரி. 2021-இன் டூரா-ஏஸ் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. அதில் கைப்பிடியிலிருந்து ஆணை ரேடியோ அலையில் போகிறது. முன், பின் உறுப்புகளோ இருக்கைத் தண்டுக்குள் இருக்கும் ஒரே பேட்டரியோடு மின்கம்பியால் இணைந்திருக்கின்றன.

ஆகவே, இல்லாததை விட்டுவிட்டு ஆணை போகும் வழியைப் பெயரில் வைப்போம்: இழுகம்பி கியர் மாற்றி, மின்கம்பி கியர் மாற்றி, அலைவழி கியர் மாற்றி. 2021-இன் டூரா-ஏஸும் தயக்கமின்றி மூன்றாவதில் அடங்கிவிடும்.

‘பல்லிணை’ பாடநூலுக்குப் பொருந்தும். பஸ் ஓட்டுநர் முதல் பட்டறைப் பையன் வரை எல்லோர் வாயிலும் புழங்கும் ‘கியர்’ இருக்கும்போது இங்கே அதைத் திணிக்க வேண்டாம்.

டீரெய்லர் (derailleur) என்ற அந்த உறுப்புக்குத் ‘தடம்புரட்டி’ என்ற யோசனையைக் கட்டாயம் கைவிட வேண்டும். மூலச்சொல்லுக்கு அது நேர்ப்பொருளாக இருக்கலாம்; தமிழில் தடம் புரள்வது விபத்து. அந்த உறுப்பு செய்வதைப் பாருங்கள். இ-டேப்பில் வலக்கைப் பிடியைத் தட்டினால் பின்னால் உள்ள சிறு மோட்டார் சங்கிலியைத் தாங்கும் கூண்டைத் தள்ள, சங்கிலி அடுத்த சிறிய பல்சக்கரத்துக்கு இறங்குகிறது. இடக்கைப் பிடியைத் தட்டினால் பெரியதில் ஏறுகிறது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன்பக்கச் சங்கிலி இடம் மாறுகிறது. எல்லாமே சங்கிலியை நகர்த்தும் வேலை. ‘சங்கிலி நகர்த்தி’ என்றால் போதும். முன் நகர்த்தி, பின் நகர்த்தி என்று பிரித்துச் சொல்லவும் எளிது. ‘கியர் மாற்றி’ முழு அமைப்புக்கும் பெயராக நிற்கட்டும்.

பிடியையும் நகர்த்தியையும் ஒன்றையொன்று அடையாளம் காணவைக்கும் ‘பேரிங்’ (pairing) என்பதற்கு இன்னும் யாரும் சொல் தரவில்லை. ‘இணைப்பு’ என்றால் மறுபடியும் மின்கம்பி நினைவு வந்துவிடும். ‘இணைசேர்த்தல்’ சரியாக வருமா? மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.