டெர்மினலில் சொடுக்கும் இணைப்பு: வசதியா, வம்பா?

நிரலி:
என் நிரல் சோதனைகளை ஓட்டி முடித்ததும் அறிக்கையின் இணைய முகவரியை டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் எழுத்துத் திரையில், அச்சிடும். முகவரி மிக நீளம், மூன்று வரிக்கு மடிந்துவிடும். அதனால் ஒரு சொல்லுக்குப் பின்னால் முகவரியை மறைத்து வைக்கும் ஓஎஸ்சி 8 குறியீட்டைக் கொண்டு ‘அறிக்கை’ என்ற ஒரே சொல்லை இணைப்பாக்கிவிட்டேன். கன்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் பக்கம் திறக்கிறது. உடன் வேலை செய்பவரோ “முகவரி கண்ணில் பட வேண்டும், எடுத்துவிடு” என்கிறார்.

பழையதிரை:
அவர் சொல்வதே சரி. வெறும் முகவரியை அச்சிட்டாலே பல டெர்மினல்கள் அதை இணைப்பென்று தாமாகக் கண்டுகொள்கின்றன. உங்கள் வெளியீட்டை லாக் கோப்பில் சேமித்து எடிட்டரில் திறந்து பாருங்கள். குறியீட்டைத் தொடங்கும் எஸ்கேப் எழுத்து, ]8;; என்று ஒரு வால், முகவரி, மறுபடி எஸ்கேப். நடுவில் ‘அறிக்கை’யைத் தேட வேண்டும்.

நிரலி:
கோப்புக்குப் போனால் குறியீட்டை எழுதுவதே இல்லை, வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று இஸ்அட்டி செயற்கூற்றை வைத்துச் சோதிக்கிறேன். தாமாகக் கண்டுகொள்ளும் அழகையும் பார்த்தாயிற்று. வாக்கிய முடிவின் அடைப்புக்குறியையும் முகவரியோடு சேர்த்துக்கொண்டு ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். க்னோம் டெர்மினலிலும் ஐடெர்ம்2விலும் 2017 முதலே ஓஎஸ்சி 8 இருக்கிறது. ஜிசிசி கம்பைலரின் 10ஆம் பதிப்புகூட எச்சரிக்கைகளில் இப்படித்தான் இணைப்புத் தருகிறது.

பழையதிரை:
ஜிசிசி இணைப்பாக்குவது அந்த எச்சரிக்கையை இயக்கும் விருப்பத்தின் பெயரை. இணைப்பு போனாலும் பெயர் மிஞ்சும், அதை வைத்துத் தேடிக்கொள்ளலாம். உங்கள் ‘அறிக்கை’யை வைத்து எதைத் தேடுவது? எதிரே இருப்பது டெர்மினல்தானா என்பதை மட்டுமே இஸ்அட்டி சொல்லும், அதற்கு ஓஎஸ்சி 8 தெரியுமா என்று சொல்லாது. ஒரே டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தரும் டீமக்ஸுக்கே 3.4 பதிப்பில்தான் இது வந்தது. அதற்கு முந்தையதில் ஓட்டினால் முகவரி சுவடில்லாமல் போய்விடும்.

காவல்கண்:
இன்னொன்று. காட்டும் சொல் ஒன்று, போகும் இடம் வேறு என்பது ஏமாற்றுக்காரனுக்கு நல்ல வாய்ப்பு. வெளியிலிருந்து வரும் உரையை அச்சிடும்போது எஸ்கேப் போன்ற கட்டுப்பாட்டு எழுத்துகளைக் களைகிறீர்களா? இல்லையென்றால் எவனோ எழுதிய குறிப்பு உங்கள் திரையில் இணைப்பாக முளைக்கும். முழு முகவரியையே காட்டும் உரையாக வைத்து, அதற்கே ஓஎஸ்சி 8 போடுங்கள். வரி மடிந்தாலும் இணைப்பு உடையாது, அடைப்புக்குறியும் ஒட்டாது.

நிரலி:
களையவில்லை, இன்றே சேர்க்கிறேன். ஆனால் முழு முகவரி என்றால் மறுபடி மூன்று வரி. ஓர் அறிக்கைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். தோல்வியடைந்த ஒவ்வொரு சோதனைக்கும் தனி இணைப்பு தருகிறேன், நேற்று மட்டும் நாற்பது.

பழையதிரை:
நாற்பதா! இணைப்பை அப்படியே வைத்துவிட்டு முதலில் சோதனைகளைப் பாருங்கள், நண்பரே.